பனியின் மேலா, நீரின் மேலா: ஸ்வால்பார்டுக்குப் பருவம் பார்த்தல்

நார்வேயின் தலைநகரான ஓஸ்லோவில் குடியிருப்பதால், அந்நாட்டின் வடகோடித் தீவுக்கூட்டமான ஸ்வால்பார்டுக்கு எந்த மாதத்தில் போகலாம் என்ற கேள்வி என்னிடம் அடிக்கடி வந்துசேர்கிறது. கேட்பவர்களில் பெரும்பாலோர் உண்மையில் அறிய விரும்புவது, அங்கே குளிர் குறைவாக இருக்கும் மாதம் எது என்பதைத்தான். நம்மவர்கள் வெயிலையும் மழையையும் வைத்தே பயணத்துக்கு மாதம் பார்ப்பவர்கள் என்பதால் அதில் வியப்பில்லை. ஊட்டிக்கு மே மாதம், குற்றாலத்துக்கு ஆடி மாதம் என்று மனத்தில் ஓர் அட்டவணை பதிந்துபோயிருக்கிறது. வட துருவத்திலிருந்து ஏறத்தாழ 1,300 கிலோமீட்டர் தொலைவில், 78 பாகை வட அட்சரேகையில் கிடக்கும் ஒரு தீவுக்கூட்டத்துக்கு அந்த அட்டவணை உதவாது. அங்கே போக நினைப்பவர் முதலில் முடிவு செய்ய வேண்டியது, பனியின் மேல் பயணம் செய்யப்போகிறோமா, நீரின் மேல் பயணம் செய்யப்போகிறோமா என்பதை. அடுத்தது, எவ்வளவு வெளிச்சம் வேண்டும் என்பது. குளிரின் கணக்கு இவ்விரண்டுக்கும் பிறகுதான் வருகிறது. குளிருக்கு உடை இருக்கிறது. மற்ற இரண்டுக்கும் மாற்று ஏதும் இல்லை.

இதற்குக் காரணம் அந்த நிலத்தின் அமைப்பு. ஸ்வால்பார்டின் பரப்பு ஏறத்தாழ 61,000 சதுர கிலோமீட்டர், அதாவது தமிழ்நாட்டில் பாதிக்குச் சற்றுக் குறைவு. அதில் அறுபது விழுக்காடு அளவுக்குப் பனியாறுகள் மூடிக்கிடக்கின்றன. மிகப் பெரிய தீவான ஸ்பிட்ஸ்பெர்கனில் உள்ள லாங்யர்பியன்தான் தலைமை ஊர். அங்கே ஏறத்தாழ 2,500 பேர் வசிக்கிறார்கள். ஊருக்குள்ளும், விமான நிலையத்துக்கும், பழைய நிலக்கரிச் சுரங்கங்களுக்குமாகச் சேர்த்து நாற்பது கிலோமீட்டர் அளவுக்குச் சாலை உண்டு. அதற்கு அப்பால் ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குச் சாலையே கிடையாது. ஆகவே அங்கே வழியைத் திறப்பதும் அடைப்பதும் பருவத்தின் வேலை. நிலம் பனி மூடிக் கெட்டிப்பட்ட மாதங்களில் பள்ளத்தாக்குகளும் பனியாறுகளும் வழியாகின்றன. கடற்பனி விலகிய மாதங்களில் ஃபியோர்டுகள் எனப்படும், மலைகளுக்கிடையே நிலத்துக்குள் நீளும் கடற்கழிகளும் நீரிணைகளும் வழியாகின்றன. இரண்டுக்கும் இடைப்பட்ட சில வாரங்களில் எந்த வழியும் சரியாக இருப்பதில்லை. விளம்பரங்களில் எல்லா மாதமும் அழகான மாதமாகத் தெரிவதால், இந்த எளிய உண்மை பலருக்கு அங்கே போய் இறங்கிய பிறகே புரிகிறது.

வெளிச்சத்தின் கணக்கு இதைவிடக் கறாரானது. லாங்யர்பியனில் ஏப்ரல் 20 அளவில் தொடங்கி ஆகஸ்ட் 22 அளவு வரை சூரியன் மறைவதே இல்லை. அக்டோபர் 26 அளவில் தொடங்கி பிப்ரவரி நடுப்பகுதி வரை அது அடிவானத்துக்கு மேலே வருவதே இல்லை; இதைத்தான் துருவ இரவு என்கிறார்கள். அதிலும் நவம்பர் நடுப்பகுதியிலிருந்து ஜனவரி இறுதி வரை நண்பகலில்கூட விடியலின் சாயல் போன்ற வெளுப்பு வானில் படிவதில்லை. நிலவு இல்லாவிட்டால் பகல் பன்னிரண்டு மணியும் நள்ளிரவும் கண்ணுக்கு ஒன்றுதான். ஆண்டைப் பெரும்பொழுது ஆறாகவும் நாளைச் சிறுபொழுது ஆறாகவும் பகுத்த நம் இலக்கணத்தை அங்கே கொண்டுபோனால் திணறிவிடும். யாமமும் வைகறையும் எற்பாடும் அங்கே நாளின் கூறுகளாக இல்லாமல் ஆண்டின் கூறுகளாகிவிடுகின்றன. பிப்ரவரி நடுப்பகுதிக்கும் ஏப்ரல் 20க்கும் இடையே, ஏறத்தாழ இரண்டே மாதங்களில், பகல் பூஜ்யத்திலிருந்து இருபத்துநான்கு மணி நேரமாக வளர்ந்துவிடுகிறது. அப்படியானால் நாளொன்றுக்குச் சராசரியாக இருபது நிமிடங்களுக்கு மேல். ஒரு வாரம் தங்கியிருப்பவர், வந்த நாளுக்கும் திரும்பும் நாளுக்கும் இடையே பகல் இரண்டு மணி நேரத்துக்கு மேல் நீண்டிருப்பதைக் காண்பார்.

இருண்ட மாதங்களிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் தவறான எதிர்பார்ப்போடு அதிகம் பேர் போவது அப்போதுதான். இருண்ட வானில் ஒளித்திரைகளாய் அசையும் துருவ ஒளியைப் பார்க்க வேண்டும், வடக்கே போகப் போக அது நன்றாகத் தெரியும், ஆகவே எவ்வளவு முடியுமோ அவ்வளவு வடக்கே போவோம் என்பது கேட்பதற்குச் சரியாகத் தோன்றும் தர்க்கம். ஆனால் துருவ ஒளி பூமியின் காந்தத் துருவத்தைச் சுற்றி ஒரு வளையமாகத்தான் அமைகிறது. இரவு நேரத்தில் அந்த வளையத்தின் அடர்ந்த பகுதி வட நார்வேயின் பெருநிலப் பகுதிக்கு மேலே, டிரோம்சோ நகரை ஒட்டி நிற்கிறது. ஸ்வால்பார்ட் அப்போது வளையத்துக்கு வடக்கே, அதன் உட்புறத்தில் இருக்கிறது. பகல் நேரத்தில்தான் வளையம் ஸ்வால்பார்டின் தலைக்கு மேலே வருகிறது. துருவ இரவு இருப்பதால் முற்பகல் பத்து மணிக்கும் வானம் இருட்டாக இருக்கும். அந்த நேரத்தில் ஒளி தெரியும். பகல்நேரத் துருவ ஒளியைத் தரையிலிருந்து பார்க்கக்கூடிய இடங்கள் உலகில் மிகக் குறைவு என்பதாலேயே, 2008இல் லாங்யர்பியனுக்கு அருகே ஒரு மலையின் மேல் ஷெல் ஹென்ரிக்சன் ஆய்வகம் அமைக்கப்பட்டது. ஆய்வாளர்களுக்கு இது பெரும் வாய்ப்பு. படம் எடுக்க வந்தவருக்கோ, பகல்நேர ஒளி பொதுவாக மங்கலானது என்பதால், டிரோம்சோவிலேயே தங்கியிருக்கலாமோ என்ற எண்ணம்தான் மிஞ்சும். துருவ ஒளி மட்டுமே நோக்கம் என்றால் ஸ்வால்பார்ட் வேண்டாம் என்றுதான் நான் சொல்கிறேன்.

அதற்காக, துருவ இரவில் அங்கே போகவே கூடாது என்று பொருள் அல்ல. இருட்டையே பார்க்கப் போகிறவருக்கு அதைப் போன்ற இடம் வேறு இல்லை. அவர் தேதி குறிக்கும்போது பௌர்ணமியைப் பார்த்துக் குறிக்க வேண்டும். சூரியன் எழாத அந்த அட்சரேகையில், முழுநிலவும் அதை ஒட்டிய நாள்களின் நிலவும் மறைவதே இல்லை. அது வானத்தைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டே இருக்கும். கீழே பள்ளத்தாக்கு முழுக்க வெண்பனி, மேலே மறையாத நிலவு, இரண்டுக்கும் இடையே தட்டையான உச்சி கொண்ட மலைகள் நீலமாக நிற்கும். தலைவிளக்கை அணைத்துவிட்டு நடந்தால் நம் நிழல் பனியில் துல்லியமாக விழுவதைக் காணலாம். அமாவாசையை ஒட்டிப் போனால் இவை ஒன்றும் இல்லை. ஊர் விளக்குகளும் விடுதியின் சுவர்களும்தான். இருண்ட மாதங்களின் புயல்களையும் எளிதாக எண்ணிவிடக் கூடாது. 2015 டிசம்பர் 19 அன்று, பெரும் புயலுக்குப் பிறகு ஊரை ஒட்டிய மலைச்சரிவிலிருந்து பனி சரிந்து வீடுகளை இடம்பெயர்த்துத் தள்ளியதில் இருவர் இறந்தார்கள். அதற்குப் பிறகு ஊரின் சில பகுதிகளில் குளிர்காலக் குடியிருப்பே மாற்றியமைக்கப்பட்டது.

சூரியன் பிப்ரவரி நடுப்பகுதியில் கணக்குப்படி திரும்பிவிட்டாலும், ஊரைச் சூழ்ந்த மலைகள் மறைப்பதால் லாங்யர்பியனின் மேல் வெயில் விழுவது மார்ச் 8 அளவில்தான். அந்த வாரத்தை ஊரே சூரியத் திருவிழாவாகக் கொண்டாடுகிறது. முன்பு மருத்துவமனை இருந்த இடத்தில் மரப்படிகள் மட்டும் எஞ்சியிருக்கின்றன. அந்தப் படிகளில் வெயில் படுவதே சூரியன் ஊருக்குத் திரும்பியதற்கு அடையாளம். நண்பகலுக்கு முன்பே அங்கே கூட்டம் கூடிவிடும். குழந்தைகள் முகத்தில் மஞ்சள் சாயம் பூசி, அட்டையில் வெட்டிய கதிர்களைத் தலையில் கட்டிக்கொண்டு வருவார்கள். எதிரே மலைமுகட்டின் விளிம்பு முதலில் வெளுக்கும், பிறகு பொன்னாகும். கூட்டம் சூரியனை உரக்க அழைக்கத் தொடங்கும். நான் நின்றிருந்த ஆண்டு வானில் மெல்லிய மேகம் இருந்தது. வெயில் படியில் விழுந்ததா இல்லையா என்று பக்கத்தில் நின்ற இருவர் வாதிட்டுக்கொண்டிருக்கும்போதே, முன்வரிசையில் நின்ற ஒரு சிறுமியின் அட்டைக் கதிர்களில் மட்டும் ஒரு மஞ்சள் பட்டை விழுந்து நகர்ந்தது. அதை எல்லோரும் போதுமான சான்றாக ஏற்றுக்கொண்டார்கள்.

ஒரே ஒருமுறை மட்டும் போகப்போகிறவருக்கு நான் பரிந்துரைப்பது மார்ச் மூன்றாம் வாரத்திலிருந்து ஏப்ரல் இறுதி வரையான காலம். இதைக் கேட்டதும் பலர் முகம் சுளிக்கிறார்கள், ஏனென்றால் ஆண்டின் மிகக் கடுங்குளிர் பிப்ரவரியிலும் மார்ச்சிலும்தான் இருக்கும். வழக்கமான நாள்களில் மார்ச்சில் பூஜ்யத்துக்குக் கீழே பத்து முதல் பதினைந்து டிகிரி, குளிரலை வந்தால் இருபத்தைந்துக்கும் கீழே. காற்று சேர்ந்துகொண்டால் உடல் உணர்வது அதைவிட மோசம். ஆனாலும் அந்த வாரங்களில்தான் பனி கெட்டியாகவும், வெளிச்சம் தாராளமாகவும், நிலம் முழுக்கத் திறந்தும் இருக்கின்றன. மார்ச் இறுதியில் பகலும் இரவும் இரண்டுமே உண்டு. மாலை வெளிச்சம் மணிக்கணக்கில் நீண்டு, பனியை இளஞ்சிவப்பாக்கி, பிறகு நீலமாக்கி, அதன் பிறகே இருளுக்கு இடம் விடுகிறது. ஏப்ரல் இறுதிக்குள் இரவு முற்றாகப் போய்விடும். பனியில் ஓடும் இயந்திர வண்டியான ஸ்னோமொபைலில் பனியாறுகளைக் கடந்து கிழக்குக் கரை வரை போய் அன்றே திரும்பலாம். அதை ஓட்ட ஓட்டுநர் உரிமம் வேண்டும், இல்லாதவர் பின்னால் உட்கார்ந்து போகலாம். இயந்திர இரைச்சலை விரும்பாதவருக்கு நாய்கள் இழுக்கும் சறுக்குவண்டி இருக்கிறது, எனக்கு அதுதான் பிடிக்கும். வண்டி புறப்படாமல் நின்றிருக்கும் வரை அத்தனை நாய்களும் கத்தித் தீர்க்கின்றன. நங்கூரக் கொக்கியைப் பனியிலிருந்து எடுத்த மறுகணம் எல்லாம் அடங்கி, சறுக்குக் கட்டை பனியில் உரசும் ஓசை மட்டும் மிஞ்சுகிறது. கனத்த மேலுடை, காலணி, தலைக்கவசம் எல்லாவற்றையும் ஏற்பாட்டாளர்களே தருவதால், சென்னையிலிருந்து வருகிறவர் விலையுயர்ந்த துருவ உடையை வாங்கிச் சுமந்துவர வேண்டியதில்லை. உடலை ஒட்டி அணியும் கம்பளி உள்ளாடை, கம்பளிக் காலுறை, நல்ல கையுறை ஆகிய மூன்றில் மட்டும் சிக்கனம் பார்க்கக் கூடாது. காலுறை கிழிசல் இல்லாமல் இருப்பது நல்லது என்பதையும் சொல்லி வைக்கிறேன்: சுரங்கத் தொழிலாளர் காலத்திலிருந்து தொடரும் வழக்கப்படி, விடுதிகளிலும் அருங்காட்சியகத்திலும்கூடக் காலணியை வாசலில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். நம்மவர்களுக்கு அங்கே சட்டென்று இயல்பாகத் தோன்றும் ஒரே விஷயம் அதுதான்.

இந்தக் காலத்துக்கும் குறைகள் உண்டு. ஈஸ்டர் வாரத்தில் நார்வேக்காரர்கள் கூட்டமாக வருவதால் அறைகளும் வண்டிகளும் மாதக்கணக்கில் முன்பே நிரம்பிவிடும். ஈஸ்டர் எந்தத் தேதியில் விழுகிறது என்று பார்த்துவிட்டே பதிவு செய்ய வேண்டும். பறவைகள் அப்போது மிகக் குறைவு. குளிர்காலம் முழுவதும் அங்கேயே தங்கும் நிலப்பறவை ஒரு வகைப் பனிக்கௌதாரி மட்டும்தான். கடற்பறவைகள் ஏப்ரலில்தான் குன்றுகளுக்குத் திரும்பத் தொடங்குகின்றன. பனிக்கரடிகள் உறைந்த ஃபியோர்டுகளில் சீல்களை வேட்டையாடும் காலம் இது என்பதால், அவற்றுக்கு இடையூறு கூடாது என்று விதிகளும் கடுமையாகிவிட்டன. 2025 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ள விதிப்படி, கரடியிடமிருந்து குறைந்தது 300 மீட்டர் தள்ளியிருக்க வேண்டும். மார்ச் முதல் தேதியிலிருந்து ஜூன் இறுதி வரை அது 500 மீட்டர். ஆக, கரடியின் முகத்தைப் பக்கத்திலிருந்து படம் எடுக்கும் ஆசையோடு வருகிறவருக்கு எந்தப் பருவமும் நல்ல பருவம் அல்ல, அது நல்லதும்கூட.

கரடியைப் பற்றி இன்னும் ஒன்று. ஸ்வால்பார்டுக்குத் தென்கிழக்கே விரியும் பேரண்ட்ஸ் கடல் பகுதி முழுவதும் சேர்த்துச் சில ஆயிரம் கரடிகள் இருந்தாலும், ஸ்வால்பார்டிலேயே ஆண்டு முழுவதும் தங்குபவை ஏறத்தாழ 300 என்றே மதிப்பிடுகிறார்கள். லாங்யர்பியனிலிருந்து ஒரு நாள் சுற்றுலா போகிறவர் கரடியைப் பார்ப்பது அரிது. பார்க்காவிட்டாலும் அது இருக்கிறது என்று எண்ணித்தான் நடந்துகொள்ள வேண்டும். ஊர் எல்லைக்கு வெளியே போகும் எவரும் கரடியை விரட்டும் கருவியை வைத்திருப்பது கட்டாயம், வழிகாட்டிகள் துப்பாக்கியும் ஏந்துகிறார்கள். குளிர்கால ஆபத்து என்று இதை நினைப்பதும் தவறு. 2020 ஆகஸ்ட் இறுதியில், விமான நிலையத்தை ஒட்டிய முகாமிடத்திலேயே ஒருவர் கரடியால் கொல்லப்பட்டார்.

மே நடுப்பகுதியிலிருந்து ஜூன் நடுப்பகுதி வரையான காலத்தைத் தவிர்க்கும்படி பொதுவாகச் சொல்வேன். பனி இளகி, ஆறுகள் பழுப்பு நீராய்ப் பெருகி, பள்ளத்தாக்குகள் சேறும் சகதியுமாகக் கிடக்கும். சறுக்குவண்டிக்குப் பனி போதாது, நடைக்கு நிலம் காயவில்லை, வடக்கிலும் கிழக்கிலும் கடல் இன்னும் திறக்கவில்லை. ஆயினும் பறவைகளுக்காகப் போகிறவருக்கு இந்தத் தவிர்ப்பு பொருந்தாது. மே மாதத்தில் வாத்துக் கூட்டங்கள் தெற்கிலிருந்து வந்திறங்குகின்றன. ஜூன் தொடக்கத்தில், ஊருக்கு வெளியே ஆட்வென்ட் பள்ளத்தாக்குச் சாலையோரத்தில் உள்ள நாய்ப்பண்ணையின் வேலியை ஒட்டி, ஐடர் வாத்துகள் நூற்றுக்கணக்கில் முட்டையிட்டு உட்கார்ந்திருக்கும். முட்டை திருட வரும் ஆர்க்டிக் நரி அத்தனை நாய்களுக்குப் பக்கத்தில் வரத் தயங்கும் என்பதுதான் அந்த இடத் தேர்வின் ரகசியம். சங்கிலியில் கட்டிய நாய்களின் குரைப்புக்கு நடுவே, ஒரு பெண்வாத்து தன் மார்பிலிருந்து உதிர்த்த பழுப்புத் தூவியில் முட்டைகளைப் பொதிந்துகொண்டு, மண்ணோடு மண்ணாக, கண்ணைக்கூட அசைக்காமல் அமர்ந்திருப்பதைச் சாலையில் நின்றபடியே பார்க்கலாம். இறங்கி அருகே போகக் கூடாது. போக வேண்டிய தேவையும் இல்லை.

ஜூன் நடுப்பகுதிக்குப் பிறகு நீரின் பருவம். ஜூலையின் சராசரி வெப்பம் ஏறத்தாழ 7 டிகிரிதான். 2020 ஜூலை 25 அன்று 21.7 டிகிரி வரை ஏறியது ஒரு சாதனைப் பதிவு. ஆண்டு மழைப்பொழிவு 200 மில்லிமீட்டர் அளவே என்பதால் பெருமழை இருக்காது, ஆனால் மூடுபனி உண்டு. வெதுவெதுப்பான காற்று குளிர்ந்த கடலின் மேல் வரும்போது கரை முழுக்க நாள்கணக்கில் சாம்பல் திரை தொங்கும். கோடை வெயிலை எண்ணிப் போகிறவர்களுக்கு அந்த நாள்கள் பெரும் ஏமாற்றம். தெளிந்த நாள் கிடைத்தால், விரல் உயரம்கூட இல்லாத துருவ வில்லோவும் ஊதாச் சாக்ஸிஃப்ரேஜ் பூக்களும் கூழாங்கற்களுக்கிடையே படர்ந்திருப்பதை மணிக்கணக்கில் குனிந்து பார்த்துக்கொண்டிருக்கலாம். மரம் என்று நிமிர்ந்து பார்க்க அங்கே எதுவும் இல்லை. கூடு கட்டியிருக்கும் ஆர்க்டிக் ஆலா, பக்கத்தில் வருகிறவரின் தலையைக் குறிவைத்துப் பாய்ந்து கொத்தும்; அது உயரமான முனையைத்தான் தாக்கும் என்பதால், உள்ளூர்க்காரர்கள் ஒரு குச்சியைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தபடி அந்தப் பகுதியைக் கடந்துபோகிறார்கள்.

படகில் போகத்தக்க இடங்கள் பல. 1998இல் கைவிடப்பட்ட சோவியத் காலச் சுரங்க ஊரான பிரமிடன், இன்றும் இயங்கும் ரஷ்யக் குடியிருப்பான பேரண்ட்ஸ்பர்க் இரண்டும் ஐஸ்ஃபியோர்டின் கரைகளில்தான் உள்ளன; 2022இல் உக்ரைன் போர் தொடங்கிய பிறகு நார்வே ஏற்பாட்டாளர்கள் பலர் அங்கே ஆள்களை அழைத்துப்போவதை நிறுத்திவிட்டார்கள் என்பதைப் பதிவு செய்யும் முன்பே தெரிந்துகொள்வது நல்லது. நீண்ட தந்தங்களையுடைய கடல்விலங்கான வால்ரஸின் கூட்டங்கள் மணற்கரையில் ஒன்றன் மேல் ஒன்றாகப் படுத்துக்கிடப்பதைப் பார்க்கவும் கோடையே ஏற்றது. வேட்டையால் ஏறக்குறைய அழிந்துபோன நிலையிலிருந்து, 1952இல் விதிக்கப்பட்ட தடைக்குப் பிறகு மீண்டு வந்த விலங்கு அது.

இந்தியர்களுக்கு ஆர்வம் தரும் இடம் இன்னும் வடக்கே, 79 பாகையை ஒட்டி இருக்கும் நீ-ஓலசுண் ஆய்வுக் குடியிருப்பு. 1920இல் பாரிஸில் கையெழுத்தான ஸ்வால்பார்ட் ஒப்பந்தத்தில் பிரிட்டிஷ் பேரரசின் பகுதியாக இந்தியாவும் சேர்க்கப்பட்டிருந்தது; 2008 ஜூலை முதல் தேதி அங்கே நம் ஹிமாத்ரி ஆய்வு நிலையம் தொடங்கப்பட்டது. பருவத்தைப் பற்றிய இந்தப் பேச்சுக்கு அந்த நிலையமே ஒரு சான்று: பல ஆண்டுகள் பெரும்பாலும் கோடையை ஒட்டிய மாதங்களில் மட்டுமே நம் ஆய்வாளர்கள் அங்கே தங்கினார்கள், முதல் குளிர்காலக் குழு புறப்பட்டது 2023 டிசம்பரில்தான். பயணிகள் கப்பலில் வந்து வெளியிலிருந்து பார்க்கலாம், உள்ளே போக முடியாது. வானலை ஆய்வுக் கருவிகளுக்கு இடையூறு ஆகக் கூடாது என்பதற்காகக் கைபேசியை விமான நிலைக்கு மாற்றிவிட்டுத்தான் கரையில் இறங்க வேண்டும். அந்தக் கட்டுப்பாடு எனக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது.

பெருங்கப்பல் பயணத்துக்குப் பணம் வைத்திருப்பவர், மே மாதத்துக்கும் செப்டம்பருக்கும் இடையே எந்த வாரத்தைத் தேர்கிறார் என்பதில் கூடுதல் கவனம் வேண்டும். அட்லாண்டிக்கிலிருந்து வரும் வெதுவெதுப்பான நீரோட்டம் மேற்குக் கரையை ஒட்டி ஓடுவதால் அங்கே கடல் முன்னதாகவே திறந்துவிடும். கிழக்குக் கரையில் பனி பிடிவாதமாக நிற்கும். தீவைச் சுற்றிவரும் பயணம் பொதுவாக ஜூலை இறுதியிலிருந்து செப்டம்பர் தொடக்கம் வரைதான் நம்பகமாக நடக்கிறது. அப்போதுதான் ஹின்லோப்பன் நீரிணையைக் கடந்து, அவுஸ்ட்ஃபொன்னா பனிக்கவிப்பின் முகப்பை ஒட்டி, நூறு கிலோமீட்டருக்கும் மேல் நீளும் பனிச்சுவரிலிருந்து உருகுநீர் அருவியாய்க் கடலில் கொட்டுவதைக் காண முடியும். ஆனால் அதே நீரிணையில் உள்ள ஆல்க்கெஃப்யெல்லெட் என்னும் பறவைக் குன்றில் கூடு கட்டும் அறுபதாயிரம் இணை கில்லிமாட் கடற்பறவைகளைப் பார்க்க விரும்புகிறவர் ஆகஸ்ட் நடுப்பகுதிவரை காத்திருக்கக் கூடாது. இன்னும் பறக்கத் தெரியாத குஞ்சுகள் ஜூலை இறுதியிலிருந்து அந்தச் செங்குத்துப் பாறைகளிலிருந்து குதித்து, தந்தைப் பறவையோடு கடலில் நீந்திப் போய்விடுகின்றன. பிறகு குன்றில் எஞ்சுவது எச்சத்தின் வெண்மையும் அதன் நாற்றமும்தான். முழுச்சுற்றும் வேண்டும், பறவைகளும் வேண்டும் என்பவருக்கு ஜூலை கடைசி வாரம் ஒரு சூதாட்டம். நான் அதைத்தான் ஆடுவேன். 2025 முதல் பாதுகாக்கப்பட்ட பகுதிகளில் 43 இடங்களில் மட்டுமே கரையிறங்கலாம், அங்கே செல்லும் கப்பலில் 200 பயணிகளுக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதிகளும் வந்துவிட்டதால், பழைய பயணக் குறிப்புகளை நம்பி இடங்களைத் திட்டமிடுவதில் பயனில்லை.

செப்டம்பரைப் பற்றி யாரும் கேட்பதில்லை. அது எனக்கு வியப்பாக இருக்கிறது. இரவு திரும்பிவிட்டது, கடல் இன்னும் திறந்திருக்கிறது, மலையுச்சிகளில் முதல் பனி விழுகிறது, கீழே தரைச்செடிகள் துருநிறமாகின்றன. குட்டைக் கால்களைக் கொண்ட ஸ்வால்பார்ட் கலைமான் கோடை முழுவதும் மேய்ந்து உருண்டு திரண்டு, ஊருக்குள்ளேயே வீடுகளுக்கிடையே புல்லைக் கடித்துக்கொண்டு நிற்கும். அதே விலங்கை ஏப்ரலில் பார்த்தால் எலும்பு தெரியும். கூட்டமும் குறைவு. அக்டோபர் வந்துவிட்டால் படகுகள் நின்றுபோகும், பனியோ இன்னும் போதாது. மறுபடியும் வழியில்லாத வாரங்கள்.

இவ்வளவு தேதிகளைச் சொன்ன பிறகு, அவை நகர்ந்துகொண்டிருக்கின்றன என்பதையும் சொல்லியாக வேண்டும். சூரியனின் தேதிகள் மாறாது. பனியின் தேதிகள் மாறிவிட்டன. உலகிலேயே மிக வேகமாக வெப்பமடைந்துவரும் பகுதிகளில் பேரண்ட்ஸ் கடலும் அதன் தீவுகளும் அடங்கும். 2006ஐ ஒட்டிய ஆண்டுகளுக்குப் பிறகு மேற்குக் கரையின் ஃபியோர்டுகள் முன்போல் உறைவதில்லை. நடுக்குளிர்காலத்தில் மழை பெய்து, அது நிலத்தின் மேல் பனிக்கட்டியாய் உறைந்து, கலைமான்கள் கீழே உள்ள செடியைத் தோண்டித் தின்ன முடியாமல் தவிக்கும் ஆண்டுகள் அடிக்கடி வருகின்றன. பத்தாண்டுகளுக்கு முன்பு கடற்பனியைக் குறுக்கே கடந்து போன ஸ்னோமொபைல் வழிகள் சில இன்று பனி இல்லாமலும், சில மார்ச் முதல் தேதிக்குப் பிறகு விதியாலும் மூடப்பட்டிருக்கின்றன. ஒரு குறிப்பிட்ட இடத்துக்குப் போயே தீர வேண்டும் என்ற பிடிவாதத்தோடு வருவதைவிட, அந்த வாரம் வழிகாட்டி எங்கே அழைத்துப்போகிறாரோ அங்கே போகும் மனநிலையோடு வருவது நல்லது. விமானங்களும் காற்றுக்குப் பணிந்துதான் இறங்குகின்றன. ஓஸ்லோவிலிருந்து மூன்று மணி நேரப் பயணம்தான் என்றாலும், திரும்பும் நாளுக்கும் இந்தியா செல்லும் விமானத்துக்கும் இடையே குறைந்தது ஒரு நாள் இடைவெளி விட வேண்டும். ஸ்வால்பார்டுக்கென்று விசா தேவையில்லை என்பது உண்மை; ஆனால் அது ஐரோப்பிய நாடுகள் பலவற்றின் பொது விசா வட்டாரமான ஷெங்கனின் எல்லைக்கு வெளியே இருப்பதால், நார்வே வழியாகப் போய்த் திரும்பும் இந்தியருக்கு இருமுறை நுழைய அனுமதிக்கும் ஷெங்கன் விசா வேண்டும். ஒருமுறை நுழைவு விசாவோடு போனால் திரும்பி வரும் வழி அடைபட்டுவிடும்.

என் சித்தி மகள் கோவையிலிருந்து கேட்டது இதைத்தான்: "அண்ணா, பிள்ளைகளுக்குப் பரீட்சை முடிந்ததும் வரலாமா? மே மாதம் என்றால் குளிர் குறைந்திருக்கும் அல்லவா?" மே மாதம் வேண்டாம்மா, பரீட்சை முடிந்த மறுவாரமே கிளம்பு என்றேன். தமிழ்நாட்டுப் பள்ளிகளின் கோடை விடுமுறையும் ஸ்வால்பார்டின் வெளிச்சம் நிறைந்த பனிக்காலமும் ஏப்ரல் கடைசி வாரத்தில் சற்றே உரசிக்கொள்வது குடும்பத்தோடு வருகிறவர்களுக்கு வாய்த்த நல்ல தற்செயல். சூரியன் மறையாத நாள்கள் தொடங்கியிருக்கும், ஈஸ்டர் கூட்டம் போயிருக்கும், நாய்வண்டிக்குப் பனியும் இருக்கும். அவள் ஒப்புக்கொண்டுவிட்டாள். மாப்பிள்ளைக்கு மட்டும் வால்ரஸ் பார்க்க வேண்டுமாம். அதற்கு அவர் ஜூலையில் தனியாக வந்துகொள்ளட்டும், விடுப்புக் கிடைத்தால் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டாள்.